பின்கதவுச் சாவிகள்

"கதவைத் திறங்க முதல்ல! மாடிப்படியில நிக்க வச்சு மானத்தை வாங்காதீங்க!"

"திறக்கிறேன். டாக்டர்கிட்ட நீ என்ன சொன்னேன்னு சொல்லு, திறக்கிறேன்."

"எந்த டாக்டர்?"

"மனசு சரியில்லாதவங்களைப் பார்க்கிற டாக்டர். 'அவர் வேணும்னு பண்ணலக்கா, அவருக்கே தெரியாது'ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஒருத்திகிட்ட அவங்களைப் பத்திச் சொன்னியே, அந்த டாக்டர்."

வெளியே நின்றவள் கையிலிருந்த சாவியை மறுபடி செருகிப் பார்த்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது சரியாகத் திரும்பிய சாவி, சாயங்காலம் துளையில் நுழையவே மறுத்துக்கொண்டிருந்தது. இடையில் அவள் புருஷன் பூட்டையே மாற்றிவிட்டிருந்தார். தோளில் பை, இடுக்கில் ரொட்டிப் பாக்கெட், கையில் உதவாத சாவி. அப்படியே மெல்லத் திரும்பி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

எதிர்வீடு என்னுடையது. கதவில் பதித்த குட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத்தானே அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள்?

"அக்கா," என்றாள், கண்ணாடியைப் பார்த்தே. "உங்ககிட்ட மட்டும்தானேக்கா சொன்னேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரிடமும் வாயைத் திறந்திருக்கவில்லை. என் வாய் திறந்தால் மூடாது என்று இந்தக் கட்டடமே சொல்லும், அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கி வைத்திருந்தேன். சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது. டிவியில் யாராவது பந்தை உதைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு வீடு இடிந்தாலும் தெரியாது.

அவளை எல்லாரும் ஊசி என்றுதான் சொல்லுவோம். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. குச்சி மாதிரி உடம்பு, பூ மாதிரி கை. குத்தினதே தெரியாது என்று அவளிடம் போய்வந்த எல்லாரும் சொல்லுவார்கள். அவள் புருஷன் பூட்டுக்காரர். கீழே சந்து முனையில் சாவி போடுகிற கடை. ஊசியும் பூட்டும் என்று ஜோடியாகச் சொல்லிச் சிரிப்போம். கல்யாணமாகி வந்த புதிதில் தினமும் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, தினமும் போய்க் கூட்டிவருவார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாத்துக்கோங்க, அவரும் புருஷன்தான்" என்று இடித்துக் காட்டாத நாள் இல்லை. அவர் எதையும் பார்க்கவில்லை. அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பூட்டுக்காரர் ஆள் பார்வைக்கு வெகு லட்சணம். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது, தெருவில் நின்று வம்பு பேசியது கிடையாது. பேச்சுக்குப் பேச்சு கேலி வேறு. ஒரு தடவை இந்தக் கட்டடத்தில் திருட்டுப் பயம் கிளம்பிற்று. எங்கள் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் பின்னால் ஒரு கதவு உண்டு. அது குப்பைக்கூடை இறக்குகிற பின்படிக்கட்டில் திறக்கும். அந்தக் கதவுகளுக்கெல்லாம் புதுப் பூட்டு போட்டுத் தந்தவர் அவர்தான். அப்போது நாங்களே, கவனியுங்கள், நாங்களே போய்க் கேட்டோம்: "தம்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி நீங்களே வச்சுக்கோங்க. தொலைச்சிட்டு நின்னா உங்ககிட்டதானே ஓடி வரணும்?" யாரோ முகம் தெரியாத திருடனுக்குப் பயந்து, கட்டடத்தின் அத்தனை பின்கதவையும் ஒரே மனுஷன் கையில் தூக்கிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு டீயும் கொடுத்தோம்.

ஊசி என்னிடம் மனம் திறந்தது அந்தச் சண்டைக்கு முன்தினம். என் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்தே வைக்கச் சொன்னாள். அவ்வளவு பயம்.

"தினமும் ஒரே கேள்விக்கா. இன்னிக்கு எத்தனை ஆம்பளை கையைப் புடிச்சேன்னு."

"ரத்தம் எடுக்கறவ கையைப் புடிக்காம காலையா புடிப்பா?"

"அதையும் சொன்னேன். 'பாத்தியா, பதில் ரெடியா வச்சிருக்கே'ன்னு சொல்றார்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டு என் கையில் இருந்த தட்டு நழுவிற்று. அவளோடு படித்தவள் ஒருத்தி வீட்டுக்கு வந்துபோனால், யார் அனுப்பி வந்தாள் என்று விசாரணை. அவள் அண்ணன் பண்டிகை நாளில் போன் செய்தால், கடையை எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று பேச்சு. பக்கத்துக் கடைக்காரர் வணக்கம் சொன்னால் ஏன் சொன்னான், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை. அவள் சென்ட் போடுவதை நிறுத்தினாள். 'மாட்டிக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டியா' என்றார். போனைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தாள். 'வேற போன் எங்கே' என்றார். ஒவ்வொருத்தராக அவள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைகிற பழக்கத்தால்.

"வேலை செய்ற இடத்துலயே மனநல டாக்டர் ஒரு அம்மா இருக்காங்க. சாப்பாட்டு நேரத்துல போய்க் கேட்டேன். இது கோபம் இல்ல, வெறும் பொறாமையும் இல்லையாம். சந்தேக ஆளுமைக் கோளாறா இருக்கலாமாம். ஆனா பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

கோளாறு என்றால் எங்கள் லிஃப்ட்டுக்கு வருவதுதான் எனக்குத் தெரியும். "அப்ப மாத்திரை குடுத்தா சரியாயிடுமா?" என்றேன்.

"காய்ச்சல் மாதிரி வந்து போறது இல்லையாம்க்கா. ஆளோட சுபாவமே அப்படி அமைஞ்சு போயிடுதாம். நமக்கு மரம் தெரியற இடத்துல அவருக்கு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற ஆள் தெரியுது. பொய் சொல்லலை, நெஜமாவே தெரியுது. உள்ளுக்குள்ள பயந்துகிட்டே இருக்கார். அவர் வேணும்னு பண்ணலக்கா, அவருக்கே தெரியாது. இந்த மாதிரி இருக்கறவங்க தானா டாக்டர்கிட்ட வர மாட்டாங்களாம். டாக்டரும் எதிராளிங்களோட ஆளுன்னு நெனைப்பாங்களாம். ஆனா வந்து, நம்பி, கொஞ்ச காலம் பேசினா மாற்றம் வரும்னு சொன்னாங்க."

"வருவாரா?"

"வர வைக்கணும். ஒரே ஒரு தடவை அந்த அம்மா முன்னாடி உட்கார வச்சிட்டா போதும். விட்டுட்டுப் போக எனக்கு மனசு இல்லக்கா. அவர் கெட்டவர் இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர் காதுக்கு வேற விதமாப் போச்சுன்னா, அதோட முடிஞ்சுது."

இதுதான் அவள் சொன்னது. அடுத்த நாள் சாயங்காலம் சொல்லுக்குச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது, மூக்கு உறிஞ்சினது உட்பட. ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார்.

கட்டடத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை, நான்தான் போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷமாகப் பேசாத பேச்செல்லாம் பேசித் தப்பித்தவள், பேசாத ஒன்றுக்கு மாட்டிக்கொண்டேன். மூன்றாம் மாடி டீச்சர் படியில் என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்து, "அப்புறம் பேசறேன், இங்க ஆள் இருக்கு" என்றாள். செகரட்டரி, அதாவது கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர் என்று தனக்குத்தானே பெயர்ப்பலகை செய்துகொண்ட மனுஷர், "நம்ம கட்டடத்துக்குக் கேமரா தேவையில்லை, ஏற்கெனவே ஒண்ணு ரெண்டாவது மாடியில இருக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். எல்லாம் போகட்டும். ஊசி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது. அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிற பேச்சை எடுக்கவே முடியாமல் போயிற்று. "உன் டாக்டரம்மா" என்று அவர் கத்துவது மட்டும் அவ்வப்போது கேட்கும்.

அப்புறம் ஒரு மத்தியானம், தண்ணீர்த் தொட்டி விஷயமாக செகரட்டரி வீட்டில் கூட்டம். கட்டடமே போயிருந்தது. நானும் போனேன். எனக்கு நாற்காலி போடவில்லை. நான் உட்கார்ந்த சோபாவிலிருந்து இரண்டு பேர் எழுந்துபோனார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டியும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கூடத்தில் என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறைக்குப் போனேன். தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. துடைப்பான் எடுக்கலாமென்று பக்கத்துச் சிறிய அறையைத் திறந்தேன். துணி துவைக்கிற மிஷினும் பழைய சாமான்களும் கிடக்கிற அறை அது.

கவிழ்த்துப்போட்ட வாளிமேல் பூட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்க, நான்தான்," என்றார்.

நான்தானாமே! அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. டிவிச் சத்தத்துக்கு மேல் போயிருக்க வேண்டும், என் வீட்டுக்காரர் கையில் ரிமோட்டோடு ஓடி வந்தார். மேலே கூட்டத்தில் இருந்தவர்கள் தடதடவென்று படி இறங்கி வந்தார்கள். இத்தனைக்கும் அந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். பின்கதவைக் காட்டி, "இந்தத் தாழ்ப்பாள் ஆடிக்கிட்டு இருந்துச்சு. இறுக்கிட்டேன். இப்படி விட்டு வச்சா யார் வேணாலும் உள்ள வந்துடலாம்" என்றார்.

 அந்த நிலையிலும் நான் பின்கதவை ஆட்டிப் பார்த்தேன். உண்மைதான், இறுக்கியிருந்தார்.

"நீங்க எப்படி உள்ள வந்தீங்க?" என்று செகரட்டரி அதட்டினார்.

"சாவி நீங்கதானே குடுத்தீங்க?"

"தொலைஞ்சா எடுத்துத் தரத்தானே குடுத்தோம்! ஒளிஞ்சு உட்காரவா?"

"ஒளியாம வந்தா எல்லாரும் பேச்சை மாத்திடறீங்களே."

அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெட்கம் இல்லை, பயம் இல்லை, மிரட்டல்கூட இல்லை. மாட்டிக்கொண்டது நாங்கள், கண்டுபிடித்தது அவர் என்கிற மாதிரி ஒரு பொறுமை.

"அந்தப் பொண்ணு இப்ப இங்க வர்றதே இல்லையே, அப்புறம் எதுக்குத் தம்பி வந்தே?" என்று கேட்டேன்.

"வராத மாதிரி நடிக்கிறான்னு எனக்குத் தெரியாதா? உங்களோட பேசறதை நிறுத்திட்டான்னு நான் நம்பணும், அதுதானே ஏற்பாடு?"

"எங்க வீட்டுக்கு மட்டும்தான் வந்தியா?" என் வீட்டுக்காரர் முதன்முறையாக இந்தக் கட்டடத்து விஷயத்தில் வாயைத் திறந்தார்.

பூட்டுக்காரர் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், போன்ல உங்க தங்கச்சிகிட்ட 'அந்த ஊசி எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ'ன்னு சொன்னீங்கள்ல? தலைக்குச் சாயம் பூசிக்கிட்டே சொன்னீங்க." டீச்சர் தன்னையறியாமல் தலையைத் தொட்டுக்கொண்டாள். அது சொந்தக் கறுப்பு என்று எங்களிடம் சத்தியம் செய்தவள். "செகரட்டரி சார், நீங்க 'பூட்டுக்காரன் ஒரு மாதிரி, பாத்து நடந்துக்கோ'ன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்க. துணி மடிச்சு அடுக்கிக்கிட்டே சொன்னீங்க."

வீட்டில் ஒரு துரும்பை அசைக்க மாட்டேன் என்று மார்தட்டுகிறவர் செகரட்டரி. அவர் துணி மடிப்பாரா என்று ஒரு நொடி எல்லா முகமும் அவர் பக்கம் போயிற்று. அடுத்த நொடிதான் உறைத்தது, இந்த மனுஷன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நின்றிருக்கிறான். நாம் உடுத்தும்போது, தூங்கும்போது, பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது.  டீச்சர் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பொருள் எடுத்திருக்கேனா?" என்றார் அவர், உண்மையாகவே மனம் நொந்து. "ஒரு கரண்டி? சொல்லுங்க பாப்போம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிரா என்ன பண்றீங்கன்னு."

அந்தச் சமயத்தில்தான் ஊசி அன்று அரை நாள் வேலை முடிந்து வந்தாள். திறந்து கிடந்த என் வாசலில் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்தாள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாளியையும் அவரையும் குழாயையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா" என்று உதடு மட்டும் அசைந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனவளை நான் தடுத்தேன். ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும் எனக்கு. அப்படி ஒன்றும் இல்லை.

அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஊசி போடப் பயப்படுகிறவர்களிடம் பேசுகிற குரலாக இருக்க வேண்டும் அது, அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"எத்தனையோ தடவை இந்த அறையில இருந்திருக்கீங்க, இல்லையா?"

"இருந்திருக்கேன்."

"நான் வெளிய அக்காகிட்ட பேசினதெல்லாம் கேட்டீங்க."

"எல்லாம் கேட்டேன்."

"நீங்க இருக்கறது எனக்குத் தெரியாது. சரிதானே? தெரியாதப்ப மனுஷங்க மறைக்க மாட்டாங்க. அப்ப நான் என்ன பேசினேன்? என் வாயிலேர்ந்து ஒரு தப்பான ஆள் பேர் வந்துச்சா? உங்களைப் பத்தி என்ன சொன்னேன்? நீங்களே சொல்லுங்க."

 என்ன அருமையான கேள்வி! எந்தக் கோர்ட்டிலும் இதற்குமேல் சாட்சி கிடையாது. அவரே திருட்டுத்தனமாகச் சேர்த்துவைத்த சாட்சி. அத்தனையும் அவளுக்குச் சாதகம்.

அவர் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். "நல்லதாத்தான் சொன்னே. கெட்டவர் இல்லன்னு சொன்னே. விட்டுட்டுப் போக மனசில்லன்னு சொன்னே. அழுதே."

"அப்புறம் என்ன?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, அதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். நம்பிவிட மாட்டோமா என்கிற ஆசை. பிறகு அதன்மேல் ஏதோ ஒன்று கதவு மாதிரி விழுந்தது.

"நான் உள்ள இருக்கறது உனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "தெரிஞ்சுதான் அப்படிப் பேசியிருப்பே."

யாரோ பின்னாலிருந்து "ஐயோ" என்றார்கள். என் வீட்டுக்காரர் என்றுதான் நினைக்கிறேன்.  இந்த மனுஷனுக்கு இனி எதைக் கொண்டுவந்து காட்டுவது? அவளது நெஞ்சைப் பிளந்து காட்டினால்கூட, யார் பிளந்து தந்தது என்றுதானே கேட்பார்?

 ஊசி கேட்டாள்: "இப்பவே என்னோட அந்த டாக்டரம்மாகிட்ட வர்றீங்களா? இந்த ஒண்ணுதான் கடைசியாக் கேக்கறேன்."

"அவங்களுக்கு நீ என்ன சொல்லி வச்சிருக்கியோ, யாருக்குத் தெரியும்?"

அவள் எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போய் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, என் கூடத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். எத்தனையோ காலத்துக்கப்புறம் அவள் குரலைக் கேட்ட அந்த அண்ணன் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. "கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னது எங்களுக்கே கேட்டது. சாயங்காலம் வந்து கூட்டிப்போய்விட்டார்.

செகரட்டரி போலீசில் புகார் கொடுத்தார். அவர்கள் வந்து பூட்டுக்காரரை அழைத்துப்போய் விசாரித்தார்கள். ஒரு பொருளும் களவு போகவில்லை என்று அவர்களுக்கே குழப்பம். எங்கள் பின்கதவுகளுக்கு மறுபடி பூட்டு மாற்ற ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆளை வரவழைத்தோம். பூட்டுக்காரர் விசாரணையிலிருந்து திரும்பி வந்த சமயம் அது. பின்படிக்கட்டில் கை கட்டி நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பூட்டை நான் ஹேர்பின்னால திறப்பேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை, அக்கறையாகச் சொன்னது. நாங்கள் அன்று ராத்திரி கதவுக்கு முட்டாக மேசையை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தோம்.

சில மாதங்களில் அவர் கடையை மூடிவிட்டார். அவருடைய அக்கா வந்து தன் ஊருக்கு அழைத்துப்போனாள். டாக்டரிடம் ஒரு தடவை கூட்டிப்போனாளாம், மறுதடவை போக மாட்டேன் என்றுவிட்டாராம். அக்காவோடும் ஆறு மாதம் தாங்கவில்லை. தனியாக எங்கோ அறை எடுத்திருப்பதாகக் கேள்வி. அதை நினைத்தால் அவர்மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வேறு ஏதோ வந்து தொலைக்கிறது.

புதுப் பூட்டு போட வந்த ஆள் மூன்றாம் மாடிக்கு மட்டும் ஏன் அத்தனை தடவை வந்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். டீச்சர் அடுத்த வருஷம் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊசி அண்ணன் ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். விவாகரத்து ஆயிற்று. கூட வேலை செய்கிற ஒருவர் பெண் கேட்டும், அவள் நெடுநாள் பதிலே சொல்லவில்லை. போன மாதம் எனக்குப் போன் செய்து, "சரின்னு சொல்லிட்டேன்க்கா, யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோங்க" என்றாள். அன்று மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போய்வந்தோம். இப்போது எதிர்வீட்டில் இரண்டு குழந்தைகளோடு ஒரு தபால்காரர் குடும்பம் குடிவந்திருக்கிறது.